'ஆன் தி பீச்' நாவலை வாசிக்கக் கொடுத்தேன், இரண்டு பேர் பாதியில் திருப்பித் தந்துவிட்டார்கள்

வளவு:

எல்லாருக்கும் வணக்கம். நான் மெல்பேர்ணின் தென்கிழக்குப் பக்கம் இருக்கிறேன். இங்கே தமிழ் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம் வாசிக்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே பிரதிதான். வாசித்து முடித்தவர் அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதலாம், பேனையால் கூடாது.

இந்த முறை தெரிவு என்னுடையது. நெவில் ஷூட் எழுதிய 'ஆன் தி பீச்' கொடுத்தேன், 1957இல் வந்த ஆங்கில நாவல். பழைய சாமான் விற்கிற கடையில் இரண்டு டொலருக்கு எடுத்தேன். வடக்கு அரைக்கோளத்தில் அணு யுத்தம் நடந்து முடிந்துவிட்டது, அங்கே ஒரு சனம் மிச்சமில்லை. கோபால்ட் குண்டுகளின் கதிர்வீச்சு காற்றோடு மெல்ல மெல்லத் தெற்கே இறங்குகிறது. மெல்பேர்ணுக்கு வர இன்னும் எத்தனை மாதம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான் கதை. குண்டு விழுவதை நாவலில் எங்கேயும் காட்டுவதில்லை.

இதை ஏன் எடுத்தேன் என்றால், இது எங்கள் தெருக்களின் கதை. ஷூட் இங்கிலாந்தில் விமானப் பொறியியலாளராக இருந்துவிட்டு 1950இல் இங்கே வந்து லாங்வாரினில் குடியேறியவர். அது பிராங்ஸ்டனுக்குப் பக்கம். 1959இல் படம் எடுத்தபோது கிரெகரி பெக்கும் ஆவா கார்ட்னரும் சந்திக்கிற காட்சியைப் பிராங்ஸ்டன் ரயில் நிலையத்தில்தான் எடுத்தார்கள். நான் வேலைக்கு ரயில் ஏறுவதும் அங்கேதான்.

பிரச்சினை இதுதான். முதலில் வாசித்த கோயம்புத்தூர்த் தம்பி பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஓரத்தில் "நம்பவே முடியல" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். ஆட்கள் இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டார்கள், கடையை உடைப்பார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், இவர் சனத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்பது அவருடைய கட்சி. இரண்டாவது ஆள் ஏழு மாதக் கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு தங்கச்சி. நாவலில் அரசாங்கம் கடைசி நாளுக்கென்று மருந்துக்கடைகளில் மாத்திரை கொடுக்கிறது. பச்சைக் குழந்தைக்கு என்ன செய்வது என்று கணவன் மனைவிக்கு விளங்கப்படுத்துகிற பக்கம் ஒன்று வருகிறது. அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை ஒரு கடதாசிப் பையில் போட்டு வாசலில் தந்துவிட்டு, "அண்ணா, இதை வீட்டுக்குள் வைத்திருக்கவே ஏலாது" என்றார். மாத்திரை என்ற சொல்லுக்கே எங்கள் ஊர் ஆட்களுக்கு வேறொரு ஞாபகமும் வரும். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

அந்த அமைதியை நான் நம்புகிறேன். நாவலில் பெற்றோல் கிடையாது. கடற்படை அதிகாரி பீற்றர் ஹோம்ஸ் சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கொழுவிக்கொண்டு பால் எடுக்கப் போகிறார். அவருடைய மனைவி மேரி, பூக்கும்போது பார்க்க ஒருவரும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் டாஃபடில் கிழங்கு நடுகிறார். அவர்களுடைய தோழி மொய்ரா சுருக்கெழுத்தும் தட்டச்சும் படிக்கிறாள். அமெரிக்க நீர்மூழ்கியின் தலைவர் டுவைட் டவர்ஸ், கனெக்டிகட்டில் எப்போதோ செத்துப்போன பிள்ளைகளுக்குப் பரிசு தேடுகிறார், மகனுக்குத் தூண்டில், மகளுக்குத் துள்ளி விளையாடுகிற போகோ கம்பு.

யுத்த காலம், 1990இல் இருந்து யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டதுதான் விளக்கு. இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்பதற்கு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வானொலியைக் கொழுவுவோம். பெடலைச் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரல் தேயும், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்குகிறது, இரவுக்குள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மா சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டத் தொடங்கினார். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று எங்களை ஏசுகிற மனுசி, அன்று ஜாம் போத்தல் விளக்கைப் படியில் வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் மாஞ்சருகு ஒன்று விடாமல் கூட்டினார். அப்பா சைக்கிளோடு கேற்றடியில் நின்று "வாருமப்பா, வாரும்" என்று கூப்பிட்டபடி. குப்பையை மூலையில் ஒதுக்கி, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் அம்மா வந்தார். நாவற்குழிப் பாலம் வரைக்கும் மழைக்குள் அடி அடியாக நகர்ந்தோம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

என் கேள்வி இரண்டு. முடிவை முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமா? அப்புறம், இந்த அமைதி பொய் என்று சொல்கிற தம்பிக்கு என்ன சொல்லலாம்? இரண்டு கிழமையில் எல்லாரும் சந்திக்கிறோம்.

நெல்லைக் கரும்பலகை:

31 வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன். நாவலை 1970களில் கல்லூரி நூலகத்தில் வாசித்தேன். அமைதியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அறிவியல் பக்கம் உங்கள் தம்பி கேட்டால் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

சாதாரண அணுகுண்டின் தூசியில் இருக்கும் கதிரியக்கம் வேகமாகக் குறையும். நேரம் ஏழு மடங்கானால் வீரியம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும் என்பது பழைய கணக்கு. முதல் மணி நேரத்தில் 100 என்றால் ஏழாவது மணியில் 10, இரண்டு நாள் கழித்து 1. அதனால்தான் ஷூட்டுக்குக் கோபால்ட் தேவைப்பட்டது. கோபால்ட் 60 பாதியாகக் குறையவே ஐந்தேகால் வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். குண்டைச் சுற்றிக் கோபால்ட்டைப் பொதிந்தால் நீண்ட நாள் நிற்கும் நஞ்சாகும் என்று 1950இலேயே எச்சரித்தவர் லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர். ஆக, கரு அவர் இட்டுக்கட்டியது இல்லை. ஆனால் வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் அவ்வளவு சுலபமாகக் கலப்பதில்லை. கலப்பதற்குள் தூசியில் பெரும்பகுதி மழையோடு இறங்கிவிடும். தெற்கில் ஒரு உயிர் கூட மிஞ்சாது என்பது நாவலுக்காக இழுத்த கோடு.

இன்றைக்கு ஆய்வாளர்கள் பயப்படுவது புகையைப் பார்த்து. நகரங்கள் எரிந்து எழும் கரி மேலே போய் வெயிலை மறைக்கும், பயிர் விளையாது. 1983இல் கார்ல் சேகனும் மற்ற நால்வரும் எழுதிய கட்டுரைதான் 'அணுக் குளிர்காலம்' என்ற பேச்சைப் பரவலாக்கியது. 2022இல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்த கணக்கின்படி அமெரிக்காவும் ரஷ்யாவும் மோதினால் 500 கோடிப் பேருக்கு மேல் பட்டினியால் சாகலாம். நம் நாடும் பாகிஸ்தானும் மோதினாலே 200 கோடிக்கு மேல் போகலாம். அதே ஆய்வில் ஓரளவு சாப்பாட்டோடு மிஞ்சக்கூடிய நாடுகளில் ஒன்று என்று வருவது ஆஸ்திரேலியா. மெல்போர்ன் கடைசியில் சாகும் ஊர்களில் ஒன்று என்று ஷூட் எழுதினார். இன்றைய கணக்கில் அது சோறு மிஞ்சும் ஊர். எனக்கு அந்த நிலைமைதான் நாவலைவிடக் கொடுமையாகப் படுகிறது. மிஞ்சியவன் கதவைத் திறப்பானா என்று கேட்க ஒரு நாவல் வேண்டும்.

பொன்னி:

அண்ணா, உங்கள் அம்மா கூட்டியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

நான் இந்த நாவலை ஆஸ்பத்திரி வராண்டாவில் போனில் படித்தேன். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். எங்கள் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வோம். தினமும் காலையில் கரண்ட் வைக்கக் கூட்டிப்போவேன். அந்த அறைக் கதவில் 'கோபால்ட்' என்று எழுதியிருக்கும். வெளியில் உட்கார்ந்து படிக்கிற புத்தகத்தில் உலகத்தை முடிப்பதும் அதே கோபால்ட், உள்ளே அப்பாவுக்கு வைப்பதும் அதே கோபால்ட். அன்றைக்கு ஓடிய பயத்தை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் மூன்று மாதம் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் செக் பண்ணிப் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தது. பழையதில் பேப்பர் எழுத்து மங்குகிறது என்றார். கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும் என்றதும் கடைக்காரரிடம், "பரவாயில்லப்பா, அவசரமில்லை" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அவசரமில்லை" என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. பிறகு பதினோரு வாரம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார்.

உங்கள் தம்பி சொல்கிற கடை உடைப்பும் வெட்டுக்குத்தும் திடீரென்று வருகிற ஆபத்தில் நடக்கும். தேதி தெரிந்துவிட்டால் மனிதர்கள் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். தேதி தெரிந்தவர்களைப் பற்றித்தான் ஷூட் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தங்கச்சி விஷயத்தில், ஆமாம் அண்ணா, சொல்லித்தான் கொடுத்திருக்க வேண்டும். முழுக் கதையும் வேண்டாம், "இதில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அது பிழைக்காது" என்று ஒரு வரி போதும். பால் கொடுத்துக்கொண்டே படிக்கிற புத்தகம் இல்லை அது. பாதியில் மூடிவைத்தது அவர் பலவீனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தென்திசை:

நான் உங்கள் தம்பி பக்கம்தான் கொஞ்சம் நிற்கிறேன். காரணம் வேறு.

நான் இருப்பது அடிலெய்டில். எங்கள் மாநிலத்தின் மேற்குப் பாலைவனத்தில்தான் மரலிங்கா இருக்கிறது. ஷூட் இந்த நாவலை எழுதி வெளியிட்ட அதே நாட்களில், 1956இலும் 1957இலும், பிரிட்டன் அங்கே ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. அதற்கு முன் 1953இல் ஈமு ஃபீல்டில் இரண்டு. 1957 செப்டம்பரில் வெடித்த ஒன்றில், அளவெடுப்பதற்காகக் கோபால்ட் உருண்டைகளை வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து என்றைக்கோ வரப்போவதாக நாவல் சொல்கிற கோபால்ட், நாவல் வந்த வருடமே இந்த மண்ணில் கிடந்தது.

அந்த நிலம் அனங்கு என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களை யலட்டா என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1953 அக்டோபர் வெடிப்புக்குப் பிறகு தங்கள் முகாம்களின் மேல் கறுப்பு மூட்டம் உருண்டு வந்தது, கண் எரிந்தது, வாந்தி வந்தது என்று அவர்கள் பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போது சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பார்வையை இழந்தார். அவர் பெரியவராகிப் பேசப் பேசத்தான் 1984இல் அரசு விசாரணை ஆணையம் அமைந்தது.

நாவலில் வில்லியம்ஸ்டவுன் கப்பல்துறை இருக்கிறது, கிளப்பில் ஆயிரக்கணக்கான பழைய போர்ட் ஒயின் பாட்டில்களைக் குடித்துத் தீர்க்கப் பார்க்கிற கிழவர் இருக்கிறார், கார் பந்தயம் இருக்கிறது. அனங்கு மக்களில் ஒருவர்கூட முக்கியப் பாத்திரமாக வரவில்லை. அமைதியாகத் தோட்டம் போட நிலம் இருந்தவர்களின் அமைதி அது. வளவு அண்ணா, உங்கள் அம்மாவின் அமைதியும் அதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவை வெளியேறச் சொன்னார்கள். மேரி ஹோம்ஸ் கடைசி வரை தன் வீட்டில்தான் இருந்தாள்.

நல்ல நாவல் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு முறை வாசித்திருக்கிறேன். மூன்றாவது முறை மரலிங்காவைத் தெரிந்துகொண்டு வாசித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இடைவெளி கண்ணில் பட்டது.

மாலை ரயில்:

நான் படம் மட்டும் பார்த்திருக்கிறேன். ஆளில்லாத அமெரிக்கக் கரையிலிருந்து வருகிற ரேடியோ சிக்னலைத் தேடிப் போவார்கள், கடைசியில் ஜன்னல் திரைக் கயிற்றில் சிக்கிய கோக் பாட்டில் தந்திச் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கும். நாவலிலும் அப்படித்தானா?

வளவு:

எல்லாருக்கும் நன்றி. சந்திப்பு போன சனிக்கிழமை முடிந்தது. முதலில் மாலை ரயிலுக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் சந்திப்பில் பாதி நேரம் அதைத்தான் கதைத்தோம்.

நாவலில் சாவியைத் தட்டுவது கோக் போத்தல் இல்லை. உடைந்து சாய்ந்த ஜன்னல் சட்டம் ஒன்று, காற்று வரும்போதெல்லாம் ஆடி, தந்திச் சாவியை அமத்துகிறது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் அந்த நிலையத்துக்குள் பாதுகாப்பு உடுப்போடு போகிறவர் லெப்டினன்ட் சன்டர்ஸ்ட்ராம். வேலையை முடித்த பிறகு அவருக்குக் கொஞ்ச நேரம் மிஞ்சுகிறது. அங்கே பழைய 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழ்கள் கிடக்கின்றன. அவர் கடலில் இருந்ததால் பாதியில் விட்ட ஒரு தொடர்கதையின் கடைசிப் பகுதிகள் அதில் இருக்கின்றன. இதழை வெளியே கொண்டுபோக முடியாது, அதிலும் கதிர்வீச்சு. அங்கேயே உட்கார்ந்து வாசிக்கிறார்.

கோயம்புத்தூர்த் தம்பி அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்துவிட்டு என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். தடை வந்தபோது இந்திய வார இதழ்கள் வருவது நின்றுபோனது. அக்கா வாசித்துக்கொண்டிருந்த தொடரில் கதாநாயகி ஒரு கடிதத்தைக் கிழிப்பதா வைத்திருப்பதா என்று யோசிக்கிற இடத்தில் கதை நின்றது. ஐந்து வருடம், ஷெல் விழுகிற நாட்களிலும், அக்காவும் அவருடைய தோழியும் கிணற்றடியில் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். கிழிச்சிருப்பாள், இல்லை கிழிச்சிருக்க மாட்டாள் என்று. தம்பி ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானும் ஒருமுறை வாசித்தார்.

ஆனால் அவர் முழுக்க மாறவில்லை. தென்திசை எழுதியதை அவருக்குக் காட்டினேன். "இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியல" என்றார். தென்திசை, நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதையும் யோசித்துப் பார்த்தேன். அம்மா கூட்டியது திரும்பி வருவதற்காக. மேரி நட்டது திரும்பி வராததற்காக. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டது சரியில்லை. மரலிங்காவைப் பற்றி எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு அது எனக்குத் தெரியாமல் போனது மனதை உறுத்துகிறது. அடுத்த தெரிவில் அனங்கு மக்கள் தாங்களே சொன்னதை வாசிப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த நூல் இருந்தால் சொல்லுங்கள்.

மாஸ்டர், உங்கள் ஏழு மடங்கு கணக்கைப் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். மிஞ்சியவன் கதவைத் திறப்பானா என்ற உங்கள் கேள்வியையும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் போய்ச் சேர்ந்த சாவகச்சேரியில் எங்களுக்குக் கதவு திறந்த வீடு ஒன்று இருந்தது. ஒரு அறையில் பதினாலு பேர் படுத்தோம். அதைச் சொன்னேன்.

பொன்னி தங்கச்சி, நீங்கள் சொன்னபடி அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போய், முன்பே சொல்லாமல் கொடுத்தது என் பிழை என்றேன். பரவாயில்லை அண்ணா என்று தேத்தண்ணி தந்தார். குழந்தை என் மடியில்தான் இருந்தது, பென்சிலைப் பிடித்து விடவே இல்லை. முடிவு என்ன என்று தானாகக் கேட்டார். சொன்னேன். டுவைட் தன் நீர்மூழ்கியைக் கடலுக்குக் கொண்டுபோவதையும், மொய்ரா கரையில் காரில் இருந்து பார்ப்பதையும் சொன்னபோது கவனமாகக் கேட்டார். மற்றதைச் சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இப்போது புத்தகம் திரும்பவும் கோயம்புத்தூர்த் தம்பி வீட்டில். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாராம்.